இரண்டு நாள் என்று சொன்னேன்

மகளுக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது நான் இரண்டு நாள் என்றேன். உண்மையில் அது நான்காம் நாள். இதை எழுத வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். வாசிக்கிறவர்கள் உன்னைத்தான் பேசுவார்கள் என்றார். பேசட்டும். என்னைப் பேசி முடித்த பிறகு, ஒரு தாய் ஏன் தன் பிள்ளையின் காய்ச்சலில் இரண்டு நாளை ஒளித்து வைக்கிறாள் என்பதையும் கொஞ்சம் பேசட்டும்.

நான் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. கண்டி நகரத்தில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. ஒரு திகதி பிழையானால் உறுதி முழுவதும் பிழையாகிவிடும். ஒவ்வொரு திகதியையும் மூன்று தடவை பார்ப்பேன். வீட்டுக்கு வந்த பிறகும் சில நாட்களில் சந்தேகம் வந்து, மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நாலாவது தடவையும் பார்ப்பேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள்.

காய்ச்சல் தொடங்கியது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மகளுக்கு அப்போது நாலு வயது. அதற்கு முந்திய நாள் மூக்கு ஒழுகியது. சனிக்கிழமை சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவள் அப்படியே மேசையில் தலையைச் சாய்த்தாள். தொட்டால் கொதித்தது.

கண்டியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எல்லோர் மனதிலும் முதலில் வருவது டெங்கு. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஒழுங்கையில் அந்த மாதம் இரண்டு வீடுகளில் டெங்கு வந்திருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது இந்த ஊரில் எந்த அம்மாவுக்கும் மனப்பாடம். பனடோல் மட்டும் கொடுக்க வேண்டும், வேறு மருந்து கூடாது. தண்ணீர் நிறையக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் இரத்தம் பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாடசாலையிலும் கிளினிக்கிலும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நான் சொன்னதைக் கேட்கிறவள். ஒரு கொப்பியில் நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை காய்ச்சலை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எழுதினேன். இருமல் கூடியது. அதையும் எழுதினேன். திங்கட்கிழமை, மூன்றாம் நாள், அலுவலகத்தில் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு லேபில் இரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் நன்றாகவே இருந்தது.

"டெங்கு மாதிரித் தெரியல்ல மிஸ். யோசிக்காம போங்க" என்றார் லேபில் இருந்தவர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம்கூடச் சொன்னேன், மகளுக்கு டெங்கு இல்லையாம் என்று. ஒரு நோயின் மூன்றாம் நாளுக்காக நான் காத்திருந்தபோது, இன்னொரு நோயின் முதல் இரண்டு நாட்கள் என் கண் முன்னாலேயே போய்விட்டன என்பது எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் அதைச் சொல்லித் தந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் மூச்சு எடுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே போய் வருவதைக் கண்டேன். பேசச் சொன்னால் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினாள். அவளை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு திரீவீலரில் ஏறினேன். மழை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வாவிக் கரையில் வாகனங்கள் நகரவே இல்லை. மடியில் அவளுடைய நெஞ்சு எழுந்து விழுவதை நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் எனக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். மேசையில் இருந்தவர்கள் எத்தனை நாள் என்று கேட்டார்கள். ஐந்து நாள் என்றாள். அவ்வளவுதான்.

"அஞ்சு நாளா? அஞ்சு நாளா வீட்டுல வச்சிக்கிட்டு என்ன செஞ்ச? இப்ப கடைசியில இங்க கொண்டு வந்து எங்க தலையில போடுறதா? நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

அவர்கள் சிங்களத்தில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். எந்த மொழியில் சொன்னாலும் அதன் கூர் குறையாது. வரிசையில் இருந்த எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள். தொப்பி சரியாகத்தான் இருந்தது.

பிறகு என் முறை.

"உண தவஸ் கீயத?" எத்தனை நாளாகக் காய்ச்சல்?

"தெகய்" என்றேன். இரண்டு.

அந்தச் சொல் என்னைக் கேட்காமலே வெளியே வந்தது. நேற்றுக் காலையில் தொடங்கியது என்றும் சேர்த்துச் சொன்னேன். யாரும் ஏசவில்லை. மகளின் மூச்சைப் பார்த்ததும் உடனே வார்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை ரிப்போர்ட் என் கைப்பையில் கொப்பிக்குள் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் நாள் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் வார்டில் கட்டிலுக்கு ஒரு அம்மா. அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை. மகளின் மூக்கில் ஒட்சிசன் குழாய் வைத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள், இரத்தம் எடுத்தார்கள். கட்டிலின் காலடியில் தொங்கிய டிக்கட்டில், அதாவது நோயாளர் அட்டையில், எல்லாவற்றுக்கும் மேலே 'காய்ச்சல் நாள் 2' என்று எழுதப்பட்டிருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு அக்கா. மடியில் இரண்டு வயது மகன். அவனுக்கும் இருமல், இழுப்பு. நான் கொப்பியை எடுத்து நேரத்தை எழுதுவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, எத்தன நாளுன்னு சொன்னீங்க?"

"நான் டீச்சர் இல்லக்கா. ஒபீஸ்ல வேல."

"கொப்பில எழுதுற ஆளெல்லாம் எனக்கு டீச்சருதான். எத்தன நாளு?"

"ரெண்டு."

"அது டிக்கட்டுல. உண்மையில?"

நான் கொப்பியை மூடினேன். அவர் சிரித்தார்.

"பயப்புடாதீங்க. நான் மூணுன்னு சொன்னேன். அஞ்சாச்சு. தோட்டத்துல இருந்து வந்தோம்னாலே ரெண்ட கழிச்சிட்டுத்தான் சொல்லணும். இல்லாட்டி எல்லாருக்கும் முன்னால தோலை உரிச்சிருவாங்க. மூத்தவனுக்கும் கழிச்சேன், நடுவுல உள்ளவளுக்கும் கழிச்சேன். நீங்க படிச்சவங்க, நீங்களும் கழிக்கிறீங்களே!"

எனக்குச் சுருக்கென்றது. அவரைப் பற்றி மனதுக்குள் என்ன அம்மா இவர் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன். அந்த நினைப்பை முடிக்க எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை.

பின்னேரம் ஒரு பெண் டொக்டர் வந்தார். என் வயதுதான் இருக்கும். மகளின் நெஞ்சை நீண்ட நேரம் கேட்டார். டிக்கட்டைப் பார்த்தார். என்னோடு அன்பாகவே பேசினார்.

"இப்ப வார்டுல இன்புளுவென்சாவோட ரெண்டு மூணு பிள்ளைகள் இருக்கு. இவட மூக்குல இருந்தும் சாம்பிள் எடுத்து அனுப்புறோம். ரெண்டு நாள்தானே, நல்ல நேரத்துல கொண்டு வந்திருக்கீங்க அம்மே. அந்த வைரசுக்கு மருந்து இருக்கு. முதல் ரெண்டு நாளைக்குள்ள தொடங்கினா நல்லா வேலை செய்யும். இன்னைக்கே தொடங்கலாம்."

நான் தலையாட்டினேன்.

"டெங்குவப் பத்தி இப்ப யோசிக்க வேணாம். ரெண்டாம் நாள்தானே. அத நாளை மறுநாள்ல இருந்து பாப்போம்."

அதற்கும் தலையாட்டினேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நல்ல நேரத்தில் கொண்டு வந்திருக்கிறீர்கள். அந்த ஒரு வசனம் போதும் என்னைக் கொல்ல. சிறு வயதிலிருந்து யாராவது என்னை நல்ல பிள்ளை என்று சொல்ல வேண்டும் என்று ஓடி ஓடி வேலை செய்தவள் நான். இப்போது ஒரு பொய்க்காகப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் வெட்கத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. டெங்குவில் ஆபத்தான நாட்கள் எவை என்று எனக்குத் தெரியும். காய்ச்சல் மூன்று, நான்கு, ஐந்து நாள் ஆகும்போதுதான் இரத்தத்தை விடாமல் பார்க்க வேண்டும். லேபில் இருந்தவர் யோசிக்க வேண்டாம் என்றது திங்கட்கிழமை இரத்தத்தைப் பார்த்து. இன்றைக்கு நான்காம் நாள். இவர்கள் இரண்டாம் நாள் என்று நம்பிச் சும்மா இருக்கப் போகிறார்கள். சும்மா இருக்கச் சொன்னது நான்.

உண்மையைச் சொன்னால்? இரண்டு நாள் தாண்டிவிட்டது, இனி அந்த மருந்து வேலை செய்யாது என்று நிறுத்திவிட்டால்?

கொரிடோருக்கு வந்து கணவரைப் போனில் அழைத்தேன். அவர் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையில் யாரோ தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"என்னங்க, நான் நாலு நாள்னு சொல்லப் போறேன்."

"பைத்தியமா ஒனக்கு? மருந்து தாறோம்னு அவங்களே சொல்லிட்டாங்க. இப்பப் போயி நீயா வாயத் தொறந்து அதக் கெடுக்கப் போறியா?"

"டெங்குவா இருந்தா?"

"அதான் ரிப்போர்ட்டு நல்லா இருந்திச்சே."

"அது நேத்து ரிப்போர்ட். அத அவங்களுக்கு நான் காட்டவே இல்ல."

"சரி, மொதல்ல மருந்து உள்ள போகட்டும். நாளைக்குச் சொல்லு. ஒரு நாள்ல என்ன ஆகிறப் போகுது?"

அவர் சொன்னதில் பிழையில்லை. நானும் அப்படியே யோசித்திருந்தேன். திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தேன். போனில் தேடி வாசித்தேன். ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட பிள்ளைக்கு நாள் தாண்டினாலும் அந்த மருந்தைத் தொடங்கலாம், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை என்று ஓரிடத்தில் இருந்தது. இன்னோரிடத்தில் இரண்டு நாள், இரண்டு நாள் என்றே இருந்தது. எதை நம்புவது? நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு வேறு டொக்டர் வருவார், அவருக்குச் சொல்லலாம். பிறகு மறுநாள் சொல்லலாம். என்னை எனக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் நான் சொல்லவே மாட்டேன்.

கைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க போறீங்க?" என்றார் பக்கத்துக் கட்டில் அக்கா. என் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "ஐயோ, வேணாம் டீச்சரம்மா. பேசாம இருங்க."

டொக்டர்களின் மேசை வார்டின் நடுவில் இருந்தது. அங்கே போய் நின்றால் முழு வார்டுக்கும் கேட்கும். நான் போய் நின்றேன்.

"டொக்டர், டிக்கட்டுல நாள் பிழை. என்ட மகளுக்குக் காய்ச்சல் தொடங்கினது சனிக்கிழமை மத்தியானம். இன்னைக்கு நாலாம் நாள். இது நேத்து எடுத்த ரிப்போர்ட். நான்தான் பொய் சொன்னேன்."

அவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். இன்றைக்கு எடுத்த இரத்தத்தின் முடிவைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தார். முகம் மாறியது.

"நேத்தைவிட இன்னைக்குப் பிளேட்லட் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. இது தெரிஞ்சிருந்தா நான் வேற மாதிரிப் பாத்திருப்பேன். நாள் பிழையானா இங்க என்ன நடக்கும்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க படிச்ச அம்மாதானே?"

மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில் நின்ற தாதி மிஸ் திரும்பினார். "தோட்டத்து அம்மாமார்தான் இந்த வேலை செய்றதுன்னு பாத்தா, இப்ப டவுன் ஆக்களும் தொடங்கிட்டாங்க."

நான் மேசைக்கு இன்னும் ஓரடி கிட்டப் போனேன்.

"தெரியும் டொக்டர். தெரிஞ்சபடியாத்தான் வந்து சொல்றேன். பிழை என்னோடது. அத எழுதுங்க, நான் கையெழுத்தும் போடுறேன். ஆனா நான் ஏன் சொன்னேன்னும் கேளுங்க. இன்னைக்கு வரிசையில எனக்கு முன்னால நின்ன அம்மா அஞ்சு நாள்னு உண்மையச் சொன்னா. அவளுக்குக் கெடைச்சது, நீயெல்லாம் ஒரு அம்மாவான்னு ஒரு பேச்சு. அதக் கேட்டு நான் ரெண்டுன்னு சொன்னேன். எனக்குக் கெடைச்சது, நல்ல நேரத்துல வந்திருக்கீங்கன்னு ஒரு பாராட்டு. நீங்க ஏசுற வரைக்கும் நாங்க நாளக் கொறைப்போம். தோட்டத்து அம்மாவும் கொறைப்பா, டவுன் அம்மாவும் கொறைப்பா. பொறகு நீங்க அந்தப் பொய்ய வச்சி மருந்து கொடுங்க."

எங்கோ ஒரு பிள்ளை இருமியது. மிஸ் வாயைத் திறந்தார். நான் அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

"மூணாம் நாள் வரைக்கும் காத்திருங்கன்னு சொன்னது நானில்ல. நீங்க எல்லாரும் சொன்னதத்தான் நான் செஞ்சேன். முதல் ரெண்டு நாளைக்குள்ள கொடுக்க வேண்டிய மருந்து ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லல்ல. இப்ப நாலு நாளாச்சுன்னா மருந்து இல்லையா? வார்டுல ஒட்சிசனோட கிடக்கிற பிள்ளைக்கு நாள் பாக்காம தொடங்கலாம்னு போன்ல வாசிச்சேன். நான் டொக்டர் இல்ல. சரியா பிழையான்னு நீங்க பெரிய டொக்டர்ட்ட கேட்டுச் சொல்லுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

"இப்ப எல்லாருக்கும் போன்ல ஒரு டொக்டர் இருக்கிறார்" என்றார் மிஸ்.

"அவர் ஏசுறதில்ல மிஸ்" என்றேன்.

யாரோ ஒரு அம்மா சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். பெண் டொக்டர் சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போனார். கதிரையில் உட்காரும்படி ஒருவர் சொன்னார். நான் உட்காரவில்லை. அந்த நேரத்தில் எனக்குள் என்னவெல்லாம் ஓடியது என்பதை வீரம் என்று எழுதமாட்டேன். அவசரப்பட்டுவிட்டேனோ, மகளின் மருந்தை என் வாயாலேயே இல்லாமல் ஆக்கிவிட்டேனோ என்றுதான் ஓடியது. ஆனாலும் காலை எடுத்துப் பின்னால் வைக்கவில்லை.

டொக்டர் திரும்பி வந்தார்.

"பெரிய டொக்டர் தொடங்கச் சொல்றார். ரிசல்ட் வரும்வரைக்கும் காத்திருக்கவும் வேணாமாம்." கொஞ்சம் நிறுத்தினார். "முதல் ரெண்டு நாள்ல தொடங்கினாத்தான் நல்லது. அது உண்மை. ஆனா இப்பிடி மூச்சுக் கஷ்டத்தோட வார்டுல இருக்கிற பிள்ளைக்கு, பிந்தினாலும் கொடுக்கிறது. நான் அத முதல்லயே சொல்லியிருக்கலாம். இரத்தமும் இன்னைக்கு இருந்தே பாப்போம்."

டிக்கட்டை எடுத்து 2ஐ ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் 4 என்று எழுதி, ஓரத்தில் சிறிய கையெழுத்து வைத்தார். எங்கள் அலுவலகத்திலும் பிழையை அப்படித்தான் திருத்துவோம். அழிக்கக் கூடாது. வெட்டிய எழுத்தும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

மருந்து கப்சூலாகத்தான் வந்தது. மிஸ் அதைத் திறந்து தூளைச் சீனிப்பாணியில் கரைத்து, மகளின் நிறைக்கு ஏற்ற அளவை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துத் தந்தார். மகள் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள், கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் என் சாரியில் சத்தி எடுத்தாள்.

"குடிச்சு எத்தன நிமிசம்?" என்று கேட்டார் மிஸ்.

"ஏழு" என்றேன். கொப்பியைக் காட்டினேன். அவர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டொக்டரிடம் கேட்டுவிட்டு இன்னொரு தடவை கரைத்துத் தந்தார். அவருக்கும் எனக்கும் இடையில் சமாதானம் என்று எதுவும் நடக்கவில்லை. ஆனால் மருந்தை அவர் ஒரு சொட்டும் சிந்தாமல் தந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பக்கத்துக் கட்டில் அக்கா அன்றைக்கு என் பக்கம் திரும்பவே இல்லை. பிளேன்டீ வேண்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் பேசினார்.

"ஒங்களுக்கு சிங்களம் வரும். வாயும் இருக்கு. டவுனு. நீங்க சண்ட புடிச்சா டொக்டரு போன் எடுப்பாரு. நான் புடிச்சா?"

பிளேன்டீயை அவருடைய லொக்கரின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை மூக்கில் எடுத்த சாம்பிளின் முதல் முடிவு வந்தது. இன்புளுவென்சா இல்லை என்றது. பார்வையாளர் நேரத்தில் என் கணவரும் அவருடைய அக்காவும் வந்தார்கள். நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் நல்லவர். சூப் கொண்டு வந்திருந்தார். அதோடு தீர்ப்பும் கொண்டு வந்திருந்தார்.

"அந்தக் காய்ச்சல் இல்லைன்னு ரிசல்ட்டே வந்திருச்சாம்ல? பொறகு எதுக்குப் பிள்ளைக்கு அந்த மருந்து? குடிக்கக் குடிக்கச் சத்தி எடுக்கிறாளே. நீதான் கேட்டு வாங்கினியாம். நிப்பாட்டச் சொல்லு."

"கெட்டித்தனமா சண்ட புடிச்சாளாம் அக்கா" என்றார் கணவர். பெருமையா குத்தலா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"அண்ணி, அது அவசரத்துக்குச் செய்ற டெஸ்ட். இருந்தாலும் இல்லன்னு காட்டுமாம். மற்ற டெஸ்ட் நாளைக்குத்தான் வரும். அது வரைக்கும் நிப்பாட்ட வேணாம்னு டொக்டர் சொன்னார்."

"டொக்டர் சொன்னாரா, நீ சொல்ல வச்சியா? பிள்ளைய நாலு நாள் வீட்டுல வச்சிருந்திட்டு, இப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரி."

இந்த வசனம் எங்கிருந்தாவது வரும் என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வந்ததும் முன்பு போல அது என்னை அடிக்கவில்லை.

"ஓம் அண்ணி, நாலு நாள் வச்சிருந்தேன். பனடோல் கொடுத்தேன், தண்ணி கொடுத்தேன், மூணாம் நாள் இரத்தம் பாத்தேன். நீங்களும் அந்தத் திங்கக்கிழமை போன்ல நல்ல வேலை செஞ்சன்னுதான் சொன்னீங்க. இப்ப மருந்து அஞ்சு நாளைக்கு. நான் நிப்பாட்ட மாட்டேன்."

அண்ணி சூப்பை ஊற்றத் தொடங்கினார். ஊற்றும்போது கணவர் என் தோளில் கையை வைத்தார். நான் அதைத் தட்டிவிடவில்லை.

ஆனால் அவர்கள் போன பிறகு என் உறுதி எல்லாம் போய்விட்டது. அடுத்த வேளை மருந்துக்கு மகள் வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினாள். 'வேணாம்மா' என்றாள். சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அண்ணி சொன்னது சரியாக இருந்தால்? தேவையில்லாத மருந்தை நான் என் பிடிவாதத்துக்காக இவளுக்குள் தள்ளிக்கொண்டிருந்தால்? யோசித்தபடியே கொடுத்தேன். சந்தேகம் தீர்ந்த பிறகுதான் எதையும் செய்வது என்றிருந்தால் என் வாழ்க்கையில் ஒரு காரியமும் நடந்திருக்காது.

வியாழக்கிழமை காலையில் இரண்டாவது முடிவு வந்தது. இன்புளுவென்சாதான். டெங்கு இல்லை. குறைந்துகொண்டு போன இரத்தக் கணக்கும் நின்று, ஏறத் தொடங்கியிருந்தது. மகளின் விலாவில் அந்த உள்ளே போகும் இழுவை குறைந்திருந்தது. அவள் பாணும் ஜாமும் கேட்டாள். மருந்தால் குறைந்ததா, தானாகவே குறைந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. டொக்டரிடம் கேட்டேன். ஒரு பிள்ளையை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றார். சரி. எனக்கு அவள் பாண் கேட்டது போதும்.

கொஞ்ச நேரத்தில் பெரிய டொக்டர் சுற்றி வந்தார். பெண் டொக்டரும் மிஸ்ஸும் பின்னால். எங்கள் கட்டிலில் நின்றுவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்குப் போனார்கள். அந்த அக்காவின் மகனுக்கு அன்று காலையில்தான் ஒட்சிசன் கூட்டியிருந்தார்கள். பெரிய டொக்டர் டிக்கட்டைப் பார்த்து, செவ்வாய்க்கிழமை மூன்றாம் நாள் என்றால் இன்றைக்கு ஐந்தா என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். அது நான் சொல்ல வேண்டியதல்ல.

அக்கா கையைத் தூக்கினார். ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் இரண்டு.

"ஹதய் சார்" என்றார். ஏழு. பிறகு தமிழில், "மொத நாளு நான் கொறச்சி சொல்லிட்டேன் சார்."

மிஸ் மூச்சை இழுத்தார். பெண் டொக்டரின் வாய் திறந்தது. நான் கதிரையிலிருந்து எழுந்தேன். பேசவில்லை. எழுந்து நின்றேன், அவ்வளவுதான். பெண் டொக்டர் என்னைப் பார்த்தார். அக்காவின் விரல்களைப் பார்த்தார். அவை இன்னும் கீழே இறங்கவில்லை.

"சரி அம்மே. சொன்னது நல்லம்" என்றார். டிக்கட்டை எடுத்து ஒரு கோடு போட்டார்.

அந்தச் சின்னவனின் மூக்கிலும் சாம்பிள் எடுத்தார்கள். முடிவு வருவதற்கு முன்னாலேயே அவனுக்கும் கப்சூல் கரைத்தார்கள். அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தான். அக்கா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"என்னா டீச்சரம்மா, ஒண்ணுமே ஏசல! சும்மாவே மூணு பிள்ளைக்கும் சேத்து எத்தன நாள முழுங்கியிருப்பேன் நானு?"

"கொப்பி தரவா அக்கா, எழுதி வச்சிக்க?"

"எழுதினா நானும் டீச்சராயிருவேன். பொறகு கொழுந்து யாரு எடுக்கிறது?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என் வயிறு குலுங்கியது. மகள் என்னம்மா, என்னம்மா என்று கேட்டாள். மருந்து அலுமாரியடியிலிருந்து மிஸ், "மெதுவா, இது வார்டு" என்றார்.

நாங்கள் நிறுத்தவில்லை.